கக்கனின் கட்டிலும் கக்கனின் நாற்காலியும்

சில மாதங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, 'தியாகசீலர் கக்கன்'. பதினோரு பிள்ளைகள் பேசினார்கள். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. ஆனால் பதினோரு பேரும் ஒரே இடத்தில் வந்து முடித்தார்கள். மதுரை அரசு மருத்துவமனை, பொது வார்டு, முன்னாள் அமைச்சர் ஒருவர் சாதாரண நோயாளியாகக் கிடக்கிறார், வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். செய்தி கேட்டு ஓடிவருகிறார். ஒரு மாணவி அந்த இடத்தில் அழுதேவிட்டாள். கைதட்டல் அடங்க நேரமானது.

நானும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான். அது பொய்யும் இல்லை. பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாமல் கடைசிக் காலத்தைக் கழித்தார். எம்.ஜி.ஆர். அரசு அதன் பிறகுதான் உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்தது. 1981 டிசம்பர் 23-ல் அவர் காலமானார். இதைச் சொல்வதில் தவறே கிடையாது. என் கேள்வி வேறு. பதினோரு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அவர் அமைச்சராக இருந்து என்ன செய்தார் என்று சொல்லத் தெரியவில்லையே, அது ஏன்?

காமராசரும் எளிமையானவர்தான். அவரும் சொத்து சேர்க்காமல் போனவர்தான். ஆனால் காமராசர் பற்றிப் பேசச் சொன்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள், மதிய உணவைச் சொல்வார்கள், அணைகளைச் சொல்வார்கள். கடைசியில் எளிமையைச் சொல்வார்கள். கக்கனுக்கு மட்டும் முதலும் முடிவும் எளிமை. ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவரை நாற்காலியோடும் இன்னொருவரைக் கட்டிலோடும் நினைவில் வைத்திருக்கிறோம்.

மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18-ல் பிறந்தவர் கக்கன். தந்தை ஊர்க்கோயில் பூசாரி, பறையர் சமூகம். மாணவப் பருவத்திலேயே காங்கிரசுக்கு வந்தவர், மதுரை அ.வைத்தியநாத அய்யரின் தொடர்பில் சேவாலயம் விடுதிப் பணியில் ஈடுபட்டார். சேரிப் பிள்ளைகளைத் தேடிக் கூட்டிவந்து தங்கவைத்து, சோறு போட்டுப் படிக்கவைக்கிற வேலை. இன்று 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறியிருக்கிற ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். அமைச்சர் கக்கன் அந்த வகை வேலையிலிருந்து மேலே வந்தவர்.

1939 ஜூலை 8 மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாள். வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒரு சிறு குழு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. கக்கனும் வேறு சில தலித்துகளும் நாடார் ஒருவரும் அதில் இருந்தார்கள். பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதை முறையான சட்டமாக்கி, நுழைந்தவர்களுக்கும் நுழையவிட்டவர்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. இந்த நிகழ்ச்சியை எந்தப் புத்தகத்தில் படித்தாலும் 'அய்யரோடு கக்கன் சென்றார்' என்றுதான் இருக்கும். தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் 'ஒடு' உயர்ந்தவர் பெயரோடுதான் சேரும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. 'ஆசிரியரோடு மாணவன் வந்தான்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இலக்கணமே கக்கனைப் பின்னால்தான் நிறுத்துகிறது! அய்யரின் துணிவைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அக்கிரகாரத்தின் பகையைத் தலையில் ஏற்றுக்கொண்டவர் அவர். ஆனால் அன்று கோபுர வாசலைத் தாண்டும்போது அடிவாங்கும் உடம்பு யாருடையது? சேரிக்குத் திரும்பிப் போய் அன்று இரவு படுக்க வேண்டியவர்கள் யார்?

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-ல் முதல் பொதுத்தேர்தலில் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேடையில் யாரும் சொல்லாத கதை இதில்தான் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் மதுரை ஓர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதி, இரண்டு எம்.பி.க்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது, மற்றது பொது. பொது இடத்தில் எஸ்.பாலசுப்பிரமணியம், ஒதுக்கீட்டு இடத்தில் கக்கன். இருவருமே காங்கிரஸ். 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்ததற்குக் கைமாறாகக் கிடைத்தது ஒதுக்கீட்டு இடங்கள். அந்த ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்த அன்று கண்ட வழிகளில் ஒன்று இந்த இரட்டைத் தொகுதி.

இந்த முறையில் ஒரு வசதி இருந்தது. ஒதுக்கீட்டு வேட்பாளர் நிறைய வாக்கு வாங்கினால் பொது இடத்தையும் பிடிக்கலாம். 1957-ல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் அதுதான் நடந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அங்கே போட்டியிட்டார். இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். கிரி நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயும், 'பழங்குடி வேட்பாளர் பொது இடத்தில் வென்றது செல்லும்' என்றுதான் 1959-ல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு இரண்டே ஆண்டு. 1961-ல் இரட்டை உறுப்பினர் தொகுதி ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது! தொகுதி பெரிதாக இருக்கிறது, பிரசாரச் செலவு அதிகம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். காரணங்கள் உண்மையாகவே இருக்கட்டும். எந்த நேரத்தில் அவை நினைவுக்கு வந்தன என்பதையும் நாம் பார்க்கத்தான் வேண்டும்.

மதுரைக்கு அந்த ஏற்பாடு அதற்கு முன்பே போய்விட்டது. 1957-ல் மதுரை ஒற்றை உறுப்பினர் பொதுத் தொகுதி. கே.டி.கே.தங்கமணி வென்றார். அவருக்குப் பின் சுப்பராமன், பி.ராமமூர்த்தி, ஆர்.வி.சுவாமிநாதன் என்று இன்றைய சு.வெங்கடேசன் வரைக்கும் வரிசை நீளும். காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தி.மு.க., அ.தி.மு.க., ஏன் சுப்பிரமணியன் சுவாமி வரைக்கும் மதுரை எல்லோரையும் டெல்லிக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறது. கக்கனுக்குப் பிறகு ஒரு தலித்தை அனுப்பவில்லை. தமிழ்நாட்டில் இன்று இருக்கிற ஏழு தனித்தொகுதிகளில் மதுரை இல்லை. பொதுத் தொகுதியில் தலித் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; கட்சிகள் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். மதுரை மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகளிலும் தனித்தொகுதி சோழவந்தான் ஒன்றுதான். கக்கன் பிறந்த மேலூர் இப்போது பொதுத் தொகுதி. ஆண்டுதோறும் தும்பைப்பட்டி மணிமண்டபத்தில் மாலை போடும் கட்சிகளிடம், மேலூரில் ஒரு தலித் வேட்பாளரை நிறுத்துவீர்களா என்று யாராவது மைக் நீட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

காமராசர் முதல்வரான பின் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்புக்குக் கக்கன் வந்தார். 1957-ல் அமைச்சர். பொதுப்பணி, அரிசன நலம். 1962-ல் வேளாண்மை. காமராசர் திட்டப்படி காமராசர் பதவி விலகி பக்தவத்சலம் முதல்வரானபோது, 1963 அக்டோபரில் உள்துறை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சேரியில் பிறந்த ஒருவர் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சர். 1967-க்குப் பிறகு காவல்துறையை முதலமைச்சர்களே வைத்துக்கொண்டார்கள். ஒரு தலித் அமைச்சர் கைக்கு அது திரும்பவே இல்லை.

அவர் மேட்டூர் அணையைக் கட்டினார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மேட்டூர் அணை 1934-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் முடிந்தது. தலைவர்மேல் உள்ள அன்பில் வரலாற்றைக் கெடுக்கக் கூடாது. எதிரிக்கு நாமே வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தபோது திறந்தது வைகை அணை, 1959 ஜனவரியில். எழுபத்தோரு அடி நிரம்பினால் மதுரைக்காரன் முகத்தில் சிரிப்பு வருகிறதே, அந்த அணை. பெரியாறு – வைகைத் தண்ணீரில்தான் மேலூர்ச் சமவெளி விளைகிறது.

சரி, அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போயிற்று? அணை கட்டிய துறையின் அமைச்சர் தலித். மடை திறந்த வயலில் நாற்று நட்டது தலித் பெண்கள். வயல் மட்டும் வேறு ஆளுடையது. கக்கன் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1961-ல், நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் உச்சவரம்பு. கோயில், அறக்கட்டளை, தோட்டம் என்று விலக்குகள் ஏராளம். உறவினர் பெயரிலும் பண்ணையாள் பெயரிலும் நிலத்தை எழுதிவைத்துத் தப்பியவர்களை எங்கள் தாத்தாக்கள் பெயரோடு சொல்வார்கள். சட்டம் கொண்டுவந்தது வருவாய்த் துறை, கக்கன் அல்ல. ஆனால் அரிசன நலத்துறை அமைச்சர் என்ற முறையில் அந்த விலக்குகளைப் பற்றி அமைச்சரவையில் அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே போல 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டு, முதுகுளத்தூர் எரிந்தபோதும் கக்கன் அமைச்சர். சட்டமன்றத்தில் பதில் சொன்ன உள்துறை அமைச்சர் அன்று பக்தவத்சலம். அந்த மாதங்களைப் பற்றி எழுதும் யாரும் கக்கன் பெயரை எடுப்பதே இல்லை, குறை சொல்லக்கூட.

1965 அதைவிட முக்கியம். ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல். அங்கே பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூடுகள், கைதுகள், ராணுவம். அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் வரைக்கும் செத்தார்கள். மொழிப்போர் மேடைகளில் அறுபது ஆண்டாகத் திட்டு வாங்குகிறவர் பக்தவத்சலம். உள்துறை அமைச்சர் யார் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. கக்கன்மேல் உள்ள மரியாதையால் கேட்கவில்லை என்று முன்பு நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. 'அவருக்கு என்ன அதிகாரம் இருந்திருக்கப் போகிறது' என்ற நினைப்பு எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. பழியில்கூடப் பங்கு தராமல் விடுவதற்கு என்ன பெயர்? அவர் கையில் அதிகாரம் இருந்தது என்றால் துப்பாக்கிச் சூட்டுக்கு அவரும் பொறுப்பு. நாம் அதைச் சொல்லியாக வேண்டும். இல்லை, நாற்காலி மட்டும் அவருக்கு, கையெழுத்து வேறு ஆளுக்கு என்றால், அந்த ஏமாற்றை வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டில் எது என்று பார்க்காமலே அவரை 'அப்பழுக்கற்றவர்' என்று மாலை போட்டு ஓரமாக வைத்துவிட்டோம்.

அவர் உள்துறையில் இருந்த 1964-ல்தான் லஞ்ச ஒழிப்பு, கண்காணிப்பு இயக்ககம் தொடங்கியது. இன்று எந்தத் தாலுகா அலுவலகத்தில் யார் பிடிபட்டாலும் நாளிதழில் பெயர் வருகிறதே, அந்தத் துறை. கக்கனின் நேர்மையைச் சொல்ல மருத்துவமனைக் கட்டிலைவிட இது நல்ல சான்று. தான் திருடாமல் இருந்தது தனி மனிதரின் குணம். அரசு ஊழியர் திருடினால் பிடிக்க ஓர் அமைப்பு உருவானது ஆட்சியின் வேலை. பேச்சுப்போட்டியில் ஒரு பிள்ளைக்கும் இதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

1967-ல் காங்கிரஸ் சரிந்தது. விருதுநகரில் காமராசரே தோற்ற தேர்தல் அது. மேலூர் தெற்கில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அதன் பிறகு பதவி இல்லை, பேருந்துப் பயணம், வாடகை வீடு, கட்டில்.

அவர் மறைந்து பதினாறாவது ஆண்டு. அதே மேலூர் வட்டம், மேலவளவு. 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கினார்கள். மிரட்டல், வாக்குப்பெட்டி பறிப்பு எல்லாம் தாண்டித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் அவரால் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30-ல் மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியவரை வழிமறித்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூன்று பேரை 2008-லும் பதின்மூன்று பேரை 2019-லும் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. முதலாவது தி.மு.க. ஆட்சி, இரண்டாவது அ.தி.மு.க. ஆட்சி. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டு ஊராட்சித் தேர்தலையே நடத்தவிடவில்லை. நின்று ஜெயித்தவர்களும் அடுத்த நாளே ராஜினாமா எழுதினார்கள். 2006-ல்தான் அது மாறியது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நீங்களே செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

நாற்காலிதான் எல்லா இடத்திலும் பிரச்சினை. மாநில உள்துறை நாற்காலியில் ஒரு கக்கனை ஏற்றுக்கொண்ட இந்தச் சமவெளி, முப்பது ஆண்டு கழித்து ஊராட்சி நாற்காலியில் ஒரு முருகேசனை ஏன் ஏற்கவில்லை? கக்கனை உட்காரவைத்தது கட்சி. முருகேசன் சட்டம் தந்த உரிமையில் உட்கார வந்தவர். கட்சி தந்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்று 1945-ல் அம்பேத்கர் ஒரு புத்தகமே எழுதியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். கக்கன் அம்பேத்கர் வழியில் வரவில்லை. காந்தி வழியில், சேவை வழியில் வந்தவர். அதற்காக அவரைத் தள்ளிவைக்கும் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சேவாலயத்தில் அவரைப் போன்றவர்கள் படிக்கவைத்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் பின்னாளில் நீலக்கொடியும் பிடித்தார்கள்.

எளிமையைப் புகழ்வதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தலித் அரசியல்வாதி ஒருவர் நல்ல கார் வாங்கினால் ஊர் கேட்கிற முதல் கேள்வி, 'காசு எங்கிருந்து வந்தது?' இரண்டாவது, 'கக்கன் எப்படி இருந்தார் தெரியுமா?' மற்ற சமூகத்துத் தலைவர்களுக்குக் கல்லூரி இருக்கும், கிரானைட் குவாரி இருக்கும், கல்யாண மண்டபம் இருக்கும். அவர்களை யாரும் கக்கனோடு ஒப்பிடுவதில்லை. வறுமை நம் சாதிக்கு இயற்கை என்று நினைப்பவர்களுக்குக் கக்கனின் கட்டில் மிக வசதியான காட்சி. கண்ணீர் விடலாம், ஒன்றும் தர வேண்டியதில்லை. ஒரு முன்னாள் அமைச்சருக்கு மருத்துவமும் வீடும் கிடைக்க இன்னொரு கட்சியின் முதலமைச்சர் தற்செயலாக அந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. அவருடைய சொந்தக் கட்சி அந்தப் பதினான்கு ஆண்டும் என்ன செய்தது என்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கேட்பதில்லை.

அன்று பரிசு கொடுத்து முடித்துவிட்டு வெளியே வரும்போது, அழுத அந்த மாணவி பின்னாலேயே வந்தாள். இரண்டாம் பரிசு வாங்கியவள். "சார், நீங்க கேட்டீங்கல்ல, மந்திரியா இருந்து என்ன செஞ்சாருன்னு. அத எங்க சார் போய்ப் பாக்குறது? எங்க மிஸ்ஸுக்கும் தெரியலையாம்" என்றாள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் வந்திருக்கின்றன, பெரிய நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம், 1957-லிருந்து 1967 வரை தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். தாளை மடித்துப் பரிசுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அப்பாவோட மதுரை லைப்ரரிக்குப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.